தோளுக்கு உரிய சோறு

கூதிர் வந்து மலையின்மேல் அமர்ந்திருந்தது. ஐப்பசி பிறந்த நாள்முதல் அண்ணாமலையின் முடியை ஒருவரும் முழுதாகக் கண்டிலர். விடியலில் மேகம் இறங்கி வந்து, சடை அவிழ்ந்தாற்போலப் பாறைகளின்மீது படர்ந்து கிடக்கும். உச்சிப்போதில் சற்றே விலகி, நனைந்த கருங்கல்லின் ஒரு விலாவை மட்டும் காட்டும். மாலையில் மீண்டும் போர்த்துக்கொள்ளும். தீயே திருமேனியாய் நின்றான் என்று அடியவர் போற்றும் அம்மலை, இப்பருவத்தில் மட்டும் நீரே திருமேனியாய் நிற்கும். வலம்வரும் பாதையின் புளியமரங்கள் மழை விட்ட பின்னும் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். காவி உடுத்தவர்கள் மண்டபத் தூண்களின் மறைவில் முழங்காலைக் கட்டியவாறு வாய்திறவாது வீற்றிருப்பர். மண்ணில் ஊறிய நீரும், ஈர விறகின் புகையும், எங்கோ கொதிக்கும் அரிசியின் ஆவியும் கலந்து, ஊரே ஒரு பெரிய மடைப்பள்ளியின் வாயிலில் காத்து நிற்பது போலத் தோன்றும்.

அம்மலையின் மேற்கு அடிவாரத்தில் கிடந்தது சோணைப்பாக்கம். திருவண்ணாமலையின் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் அருகிலேயே இரைந்துகொண்டிருக்க, தனக்கென ஒரு பேரூராட்சி, சோமநாதருக்கு ஒரு சிறு கோயில், பௌர்ணமிதோறும் நிரம்பி வழியும் சில விடுதிகள் என்று அது தன்பாட்டில் வாழ்ந்து வந்தது. அதன் குளத்தெரு வார்டுக்கு உறுப்பினர் அன்புச்செல்வி.

உறுப்பினர் ஆவதற்கு முன்பு அவள் அண்ணா விருந்தகம் என்னும் விடுதியில் காலையும் பிற்பகலும் துணி வெளுத்தவள். யாத்திரிகர் உறங்கி எழுந்த விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மலைபோல் குவித்து, ஊறவைத்து, அலசி, பிழிந்து, மாடியில் உலர்த்தும் வேலை. தேர்தலில் வென்றதும் காலை வேலையை விட்டுவிட்டாள். மன்ற உறுப்பினருக்கு அரசு தரும் மதிப்பூதியம் பெரிய தொகை அன்று. ஆனாலும் விட்ட வேலையின் கூலிக்கு ஏறக்குறைய ஈடாயிற்று. ஆகவே அவளுடைய காலைப்பொழுது குளத்தெருவுக்கு உரியதாயிற்று. குழாயில் நீர் வராத வீட்டுக்கும், அடைத்துக்கொண்ட கால்வாய்க்கும், நியாயவிலைக் கடையில் கைரேகை பதியாமல் திரும்பிய கிழவருக்கும் அக்காலைப்பொழுதே கிடைத்தது. பிற்பகலில் அவள் மறுபடியும் விரிப்புகளிடம் திரும்புவாள்.

அன்று காலை அவள் ஜியாவுல்லாவின் தார்ப்பாய்க் கடைக்கு வந்திருந்தாள். குளத்தெருவில் ஒரு கூரை ஒழுகிற்று. பழைய தார்ப்பாய் ஒன்று கேட்க வேண்டும். ஜியாவுல்லா ஒரு லாரியின் முழுப் போர்வையை விரித்துப்போட்டு அதன் நடுவே தீவு போல உட்கார்ந்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வஜீதாவும் மன்ற உறுப்பினர். மசூதித் தெரு வார்டு. எதிர்க்கடையிலிருந்து வந்த தேநீரை அன்புச்செல்வியிடம் நீட்டியபடியே வஜீதா கேட்டாள்:

"அஜெண்டா வந்துச்சா ஒனக்கு?"

"இன்னும் இல்லக்கா. இன்னா கீது அதுல?"

"இன்னா கீதா? நம்ம தலைவரு தர்மராஜா ஆவப் போறாரு. மெம்பருங்க அல்லாரும் மதிப்பூதியத்துல பாதிய விட்டுக் குடுக்கணுமாம். பதவி முடியற வரிக்கும். மழையில ஒடஞ்ச கால்வாயெல்லாம் அத வெச்சுக் கட்டுவாராம்."

அன்புச்செல்வி தேநீரைக் கீழே வைத்தாள். எதிர்க்கடைத் தொலைக்காட்சியில் யாரோ நால்வர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தனர். நாட்டை ஆள்பவர்கள் ஊதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதுதான் அங்கும் பேச்சு. தேநீர்க் கடைக்காரர் கரண்டியை ஆட்டிக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"மேல இருக்கறவன் பேசிக்கினே கீறான். நம்ம தலைவரு செஞ்சி காட்றாரு பாத்தியா! கரெக்டுதானே? ஊருக்கு ஒழைக்கணும்னுதானே வந்தாங்க. சம்பளம் எதுக்குன்றேன்?"

ஜியாவுல்லா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏம்பா, ஊரு தொண்ட காஞ்சிடக் கூடாதுன்னுதானே நீ டீ போடுற? காசு எதுக்குன்றேன்?"

கடை முழுவதும் சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டு, "பாய் கிட்ட வாயக் குடுத்தா ஒட்டுப் போட்டு அனுப்பிடுவாரு" என்றார்.

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. அவள் கணவன் சுப்பிரமணி கமிட்டி எனப்படும் விளைபொருள் விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குபவன். மழைக்காலத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையின் வரத்து நின்றுவிடும், வேலையும் நின்றுவிடும். பாதி போனால் அவள் காலை வேலைக்கே திரும்ப வேண்டும். காலை வேலைக்குப் போகிறவள் குளத்தெருவுக்கு என்ன செய்ய முடியும்? பெயருக்கு உறுப்பினராய் இருப்பதைக் காட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுவதே நேர்மை.

"எனக்கும் முடியாதுதான், அன்பு" என்றாள் வஜீதா தாழ்ந்த குரலில். "ஆனா எந்த மூஞ்ச வெச்சிக்கினு எந்திரிச்சு வேணான்றது? காசுக்கு நாக்கத் தொங்கப்போட்டுக்கினு கீறாளுங்கன்னு சொல்வாங்க."

*

அண்ணா விருந்தகத்தின் மாடியில் தகரக் கொட்டகைக்குள் விரிப்புகள் வரிசை வரிசையாய்த் தொங்கின. இந்தப் பருவத்தில் அவை எளிதில் உலர்வதில்லை. இரண்டு நாள் தொங்கினாலும் மடிப்பில் ஈரம் பதுங்கியிருக்கும். அப்படியே மடித்தால் வாடை வந்துவிடும். அன்புச்செல்வி ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு மின்விசிறியின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தபோது, விடுதியின் உரிமையாளரும் பேரூராட்சித் தலைவருமான கலையரசன் படியேறி வந்தார்.

கலையரசனைத் தீயவர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பௌர்ணமிதோறும் அவர் வாசலில் அண்டா அண்டாவாய்ச் சோறு வெந்தது. யாருடைய வீட்டுச் சாவுக்கும் அவரே முதலில் வந்தார். நெற்றியில் நீறும், வாயில் எப்போதும் ஓர் இன்சொல்லும் உண்டு.

"அன்பும்மா, அஜெண்டா பாத்திருப்பியே? மனசுல ஒண்ணும் வெச்சிக்காத. ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? காலை வேல காலியாத்தான் கீது. அத நீயே எடுத்துக்க. பாதி போனதுக்கு மேலயே வந்துடும்."

"வார்டு வேல கீதுங்களே சார்."

"கீட்டுமே! ரெண்டு நாளு லேட்டா வந்தா நான் இன்னா கேக்கப் போறனா? நடுவுல போவணும்னா போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன். பொண்ணு காலேஜு பீசு இழுத்தாலும் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்" என்றாள் அவள். நன்றியால் கண்ணும் சற்று நனைந்தது. அவர் இறங்கிப் போன பிறகு, கையிலிருந்த விரிப்பைக் கன்னத்தில் ஒற்றினாள். குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் உடம்புக்குள் இறங்குவது போல் இருந்தது. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ஏதோ ஒன்று கழுத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டது.

வீட்டில் கேழ்வரகுக் களியும் மல்லாட்டைச் சட்டினியும் இறக்கிவைத்தபோதுதான் அந்த ஒன்று இன்னதென்று அவளுக்குப் பிடிபட்டது.

"ஒத்துக்க வேண்டிதானே?" என்றான் சுப்பிரமணி. "வூடு தேடி வந்த வேல."

"ஏங்க, அவரு லாட்ஜு கழிவுத் தண்ணி நம்ம தெருக் கால்வாயிலதான் வந்து வுழுவுது. போன மாசம் அத நான் மன்றத்துல கேட்டேன். கேட்டனா இல்லியா?"

"கேட்ட. அவரும் குழா போடறேன்னாரு."

"நாளைக்கு அவரு குடுக்கற சம்பளத்துல, அவரு குடுக்கற பர்மிசன்ல நான் தெருவுக்கு வரேன்னு வெய்யி. குழா போடலன்னா கேப்பனா? வாய் வருமா எனக்கு?"

சுப்பிரமணி களியைச் சட்டினியில் தோய்த்து விழுங்கினான். கல்லூரியில் படிக்கும் மகள் தேவிப்ரியா தட்டிலிருந்து தலை நிமிர்த்தினாள்.

"அப்ப மீட்டிங்ல எதுத்துப் பேசும்மா."

"இன்னான்னு பேச? எனக்குக் காசு வேணும்னா? ஊரே காறித் துப்பும்டி."

"வேணும்னா வேணும்னு சொல்றதுல இன்னாம்மா தப்பு?"

"ஒங்கம்மா வேணும்னு சொல்லிப் பாத்திருக்கியா நீ?" என்றான் சுப்பிரமணி. "கண்ணாலத்தப்பவே மூக்குத்தி வேணும்னு கேக்கத் தெரியாதவ."

"அதனாலதான் நீங்க இன்னும் வாங்கித் தரல" என்றாள் அன்புச்செல்வி. மகள் புரையேறச் சிரித்தாள். ஆனால் தட்டைக் கழுவும்போது அன்புச்செல்வி முடிவு செய்துகொண்டாள். கூட்டத்துக்குப் போவது, வாய்மூடி மேசையைத் தட்டிவிட்டு வருவது, மறுநாளே விலகல் எழுதிக் கொடுத்துவிடுவது.

*

அந்த மன்றக் கூட்டத்துக்கு முன்னதாக ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. சோமநாதருக்கு அன்னாபிடேகம். வெந்த சோற்றால் இலிங்கத் திருமேனி முழுவதையும் மூடி, வெண்பனி போர்த்த குன்றென இறைவனை நிறுத்தி, கண்ணாரக் கண்டு, பின்பு அச்சோற்றைக் களைந்து ஊருக்கு வழங்குவர். உலகுக்கெல்லாம் படியளப்பவன் அன்று தானே அன்னமாகி நிற்பான். அதன் பிறகு உற்சவ மூர்த்தி தோளில் ஏறி வீதி வலம் வருவார்.

சோணைப்பாக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பல்லக்கின் தண்டைத் தொடுமுன், அதைச் சுமக்கும் தாங்கிகள் வரிசையாய் நின்று இரு கையும் ஏந்தி, குருக்கள் ஏகாம்பரநாதனிடம் ஒரு கவளம் சோறு பெற்று, நின்றபடியே உண்பர். உண்டவன் அன்றைப் பொழுதுக்கு ஊரின் ஆள். அவன் செட்டியாராய் இருக்கட்டும், கூலியாளாய் இருக்கட்டும். முன்னே நடந்து குரல் கொடுப்பவன் "ஏறு" என்றால் ஏற வேண்டும், "தாழ்" என்றால் தாழ வேண்டும். ஏவும் உரிமையை அந்தக் கவளமே தருகிறது. உபயம் கொடுப்பவர் வேறு. தோள் கொடுப்பவர் வேறு.

அவ்வாண்டு கலையரசனும் தோள் கொடுக்க முன்வந்தார். உபயமும் அவருடையதே. குருக்கள் கவளத்தை நீட்டியபோது அவர் இரு கையையும் குவித்துப் பின்வாங்கினார்.

"நமக்கு எதுக்குங்க சாமி? இல்லாதவங்க வாங்கிக்கட்டும். நான் புண்ணியத்துக்குத் தூக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் உருகிப் போனார்கள். "மனுசன்னா இவருதான்யா" என்று ஒரு குரல் எழுந்தது. குருக்கள் ஒருகணம் தயங்கினார். பிறகு கவளத்தை அடுத்தவன் கையில் வைத்தார்.

தவில் முழங்க, மூர்த்தி ஏறினார். முன்னே குரல் கொடுப்பவன் சுப்பிரமணி. மழை தூறிக்கொண்டிருந்தது. குளத்தெரு வளைவில் மின்கம்பியும் தொலைக்காட்சிக் கம்பியும் தாழ்வாய்த் தொங்கும்; ஆண்டுதோறும் அங்கே பின்தண்டைத் தாழ்த்தித்தான் கடப்பர். பின்தண்டின் வலத் தோள் கலையரசனுடையது.

"இடப்பக்கம் தாழ்! டேய், கேக்கல? தாழ்ரா!" என்று சுப்பிரமணி கத்தினான். இடப்பக்கம் தாழ்ந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பினான். வாய் திறந்தான். கலையரசன் கண்மூடி, சிவநாமம் முணுமுணுத்தபடி, நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். சுப்பிரமணியின் வாய் திறந்தபடியே நின்றது, சொல் வரவில்லை.

ஒருபுறம் தாழ, ஒருபுறம் உயர, மூர்த்தி சாய்ந்தார். வெண்குடை கம்பியில் சிக்கிக் கிழிந்தது. பெண்கள் "ஐயோ!" என்று அலறினார்கள். யாரோ ஓடிவந்து தண்டைப் பற்றி இறக்கியதால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை.

குருக்களின் மனைவி சொர்ணாம்பாள் கோயில் வாசலிலிருந்தே கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டா சுப்பிரமணி, வாயில கொழுக்கட்டையா வெச்சிண்டிருந்தே? மத்தவாளையெல்லாம் வாய்க்கு வந்தபடி வையறயோல்லியோ!"

"அவர எப்பிடிம்மா சொல்றது?" என்றான் சுப்பிரமணி, தலையைச் சொறிந்தபடி. "மத்த பசங்க சோறு வாங்கிக்கினானுங்க. இவரு நமக்கு சோறு போடற எடத்துல நின்னுக்கினாரு. எனக்கு நாக்கு எழும்பல."

கூட்டத்தின் நடுவே நனைந்து நின்ற அன்புச்செல்வி அந்தச் சொற்களைக் கேட்டாள். இருட்டறையில் யாரோ சன்னலைத் திறந்தது போலிருந்தது. கிழிந்த குடையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், கழுத்தில் பல நாளாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது கழன்று விழுந்தது. விலகல் எழுதும் எண்ணம் அங்கேயே, அந்தத் தூறலிலேயே கரைந்தது.

*

அவள் மன்றத்தில் எதிர்த்துப் பேசப் போகிறாள் என்னும் செய்தி எப்படியோ முந்திக்கொண்டது. கூட்டத்தன்று காலை குளத்தெருப் பெண்கள் அவள் வாசலில் நின்றார்கள்.

"இன்னாடி மெம்பரு, அல்லாரும் குடுக்கறாங்களாம், நீ மட்டும் முடியாதுன்னியாமே? ஓட்டு கேக்க வந்தப்ப இன்னா சொன்ன?"

"மன்றத்துக்கு வாங்கக்கா. அங்க வந்து கேளுங்க. பதில் சொல்றேன்."

"வரோம். வுட்ருவோம்னு பாத்தியா?"

வந்தார்கள். பேரூராட்சிக் கூடத்தின் சன்னல்கள் முழுவதும் முகங்கள். சுப்பிரமணி வாசற்கதவில் சாய்ந்து நின்றான். உள்ளே கலையரசன் தீர்மானத்தைத் தாமே படித்தார், உருக்கமாகப் படித்தார். படித்து முடித்ததும், "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார். அம்மன்றத்தில் சம்மதம் என்பது மேசையைத் தட்டுவது. தடதடவென்று தட்டினார்கள். ஓசை அடங்கிய பின் அன்புச்செல்வி எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைவரே, நான் தட்டல."

"ஏன், கை வலியா?" என்றார் ஓர் உறுப்பினர். சிரிப்பு எழுந்தது.

"கை வலி இல்லீங்க. நல்லா துணி பிழியற கை. எனக்கு அந்தப் பணம் வேணும். அதான் தட்டல."

கூடம் திகைத்தது. அப்படி ஒரு வாக்கியம் அங்கே இதுவரை ஒலித்ததில்லை. சன்னலில் ஒருத்தி, "பாத்தியா, வாய் கூசாம சொல்றா" என்றாள்.

"கூசிச்சுக்கா. அன்னாபிடேகம் வரிக்கும் கூசிச்சு. தலைவரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு வளைவுல கொடை ஏன் கிழிஞ்சிச்சு?"

கலையரசன் புருவம் நெரித்தார். "வளைவு சின்னது. கம்பி தாழ்வு..."

"அதே வளைவு, அதே கம்பி, வருசா வருசம் சாமி போவுது சார். எங்க வூட்டுக்காரு ஒங்களப் பாத்து 'தாழ்'னு சொல்லல. அதான் கிழிஞ்சிச்சு. மத்தவங்களை 'டேய்'னாரு. அவங்க சோறு வாங்கினவங்க. நீங்க வாங்கல. நீங்க பெரிய மனசுலதான் வேணான்னீங்க, எனக்குத் தெரியும். ஆனா குடுக்கறவரா நின்னவர எவன் சார் அதட்டுவான்?"

எல்லார் கண்களும் வாசற்கதவுக்குத் திரும்பின. சுப்பிரமணி நெளிந்தான். "ஆமாங்க தலைவரே" என்றான். "வாய் வரலீங்க. சாமி சத்தியமா வரல."

அன்புச்செல்வி மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். அவள் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"குளத்தெரு அக்காங்களே, நான் மூஞ்சி கழுவறதுக்குள்ள வந்து என் கதவத் தட்டி, 'ஏண்டி மெம்பரு, தண்ணி வரலடி'ன்னு கத்தறீங்களே, எந்த தைரியத்துல கத்தறீங்க? இவ நம்ம வரிப் பணத்துல சோறு திங்கறான்ற தைரியத்துலதானே? நான் சும்மா செய்யறேன், தர்மத்துக்குச் செய்யறேன்னு வெய்யிங்க. 'பாவம், ஓசியில செய்யறா, வர்ற அன்னிக்கு வரட்டும்'னு போய்டுவீங்க. அந்தக் கத்தற உரிமைய நீங்க பாதிக்குப் பாதி விட்டுக் குடுத்துடறீங்களா?"

பிறகு, காலையில் அவளை வாசலில் நிறுத்திக் கேட்டவளே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரத்தாள்: "நாங்க ஏண்டி வுடணும்? நல்லா கத்துவோம்! முழுசா வாங்கிக்கினு முழுசா வேல செய்யி!"

சன்னல்கள் அதிர்ந்தன. உறுப்பினர்கள் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தார்கள்.

கலையரசன் கையமர்த்தினார். அவர் முகத்தில் சினம் இல்லை, குழப்பம் இருந்தது. "அப்ப யாருமே விட்டுக் குடுக்கக் கூடாதுன்றியாம்மா? மேல மந்திரி, எம்எல்ஏ கூடவா? ஊரே எதிர்பாக்குதே."

"இருக்கறவங்க குடுக்கட்டும் சார், யாரு வேணான்றா? அவங்க மனசு, அவங்க பணம். கோடி வெச்சிக்கினு அதுக்கு மேல சம்பளமும் வாங்கறவங்க குடுத்தா ஊரு கும்புடும். ஆனா தீர்மானம் போட்டு இல்லாதவனையும் குடுக்க வெச்சா, நாளைக்கு இந்த நாற்காலிக்கு எவன் வருவான்? லாட்ஜு கட்டினவங்கதான் வருவாங்க. லாட்ஜுல துணி தொவைக்கறவ வர மாட்டா. அவளுக்கு என்னா வேணும்னு லாட்ஜுக்காரருதான் பாத்துப்பாரு. நல்லாத்தான் பாத்துப்பாரு. ஆனா அவ கேக்க மாட்டா."

'நான் பாத்துக்கறேன்' என்ற தம் சொல்லைக் கலையரசன் அங்கே கேட்டிருக்க வேண்டும். பேனாவை மூடினார்; திறந்தார்; மீண்டும் மூடினார்.

வஜீதா எழுந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கும் வேணும். என் வூட்டுக்காரரு தார்ப்பாய் தச்சித்தான் நான் மீட்டிங்குக்கு வரேன். முன்னாடியே சொல்லிருக்கணும். வெக்கப்பட்டுக்கினு டேபிளைத் தட்டிட்டேன். தட்டினத வாபஸ் வாங்கிக்கறேன்."

எவரும் எதிர்பாராத வகையில் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. எப்போதும் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாத, எதிர்க்கட்சி உறுப்பினர். "எனக்குந்தான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "சட்ட மட்டுந்தான் சார் இஸ்திரி. வூட்ல வேற கத." பிறகு இன்னொருவர். பிறகு, கை வலியா என்று கேலி செய்தவரே. பல மாதமாய் ஒருவர் அருகில் ஒருவர் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் செல்வர் போல நடித்தவர்கள், அன்று முதன்முதலாய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்தது; வெட்கத்தை விட விடுதலை மிகுந்திருந்தது.

"கால்வாய்க்குக் காசு?" என்றார் செயல் அலுவலர் மெல்ல.

வஜீதா உட்காரவே இல்லை. "விட்டுக் குடுக்கறதுன்னா விட்டுக் குடுக்க வேண்டியது ஒண்ணு கீதே சார்! வர்ற மாசம் மெம்பருங்க அல்லாரும் குப்பை அள்றதக் கத்துக்கப் பேரூராட்சி செலவுல கேரளாவுக்கு டூரு போறமே. படகுல ஏறித்தான் குப்பை அள்ளணுமா? அத விடுங்க. நம்ம ஊரு கால்வாயிலயே படகு வுடலாம், அவ்ளோ தண்ணி கீது."

கூடம் வெடித்துச் சிரித்தது. மேசைகள் தட்டப்பட்டன, எவரும் கேட்காமலே, எவரும் யாரையும் பார்க்காமலே தட்டப்பட்டன. கலையரசனும் தட்டினார்.

"தீர்மானம் வாபஸ்" என்றார் அவர். "டூரும் கேன்சல். அந்தப் பணம் கால்வாய்க்கு. நான் குடுக்க நெனச்சத நான் குடுத்துக்கறேன், அதுக்கு எதுக்குத் தீர்மானம்!" வாசற்கதவைப் பார்த்தார். "சுப்பிரமணி, வர்ற வருசம் நானும் கையேந்தி சோறு வாங்கிக்கறேன். என்னையும் தாழ்னு சொல்லு."

"சரிங்க தலைவரே."

"டேய்லாம் வேணாம்பா. தாழ்னா போதும்."

சிரிப்பு அடங்குவதற்குள் சன்னலில் ஒரு கை நீண்டது. "தலைவரே, ஒங்க லாட்ஜுத் தண்ணி எங்க தெருவுல வந்து நிக்குது. குழா எப்ப போடுவீங்க?"

அதன் பின்னால் இன்னொரு கை. அதன் பின்னால் பல. அன்றைக்கு மன்றம் வழக்கமான நேரத்தில் கலையவில்லை. கலையரசன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், சிலவற்றுக்குத் திணறினார், குழாய்க்குத் தேதி சொன்னார். அன்புச்செல்வியும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் சந்து விளக்கு எரியாதது அவள் தவறுதான் என்று ஒப்புக்கொண்டாள். வெளியே வந்தபோது, காலையில் அவளை வைதவர்கள் இருபுறமும் தோளோடு தோள் உரச நடந்தார்கள்; வெற்றி பெற்ற படை ஊர் திரும்புவது போல இருந்தது அந்த நடை. இடையிடையே வைதுகொண்டும் வந்தார்கள்.

*

பிற்பகல் வேலைக்கு இன்னும் பொழுதிருந்தது. அன்புச்செல்வி கோயில் வழியாக நடந்தாள். சோமநாதர் கோயில் கிணற்றடியில் சொர்ணாம்பாள் கருவறைத் திரைச்சீலையை வாளியில் நனைத்துவைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். அடைமழையில் பூஞ்சணம் பிடித்து, எண்ணெய்ப் புகை ஏறி, நீரில் ஊறி ஆள் கனம் கனத்தது அந்தச் சீலை.

"குடுங்க மாமி."

"நீ இப்பதான் வர்றே. மன்றத்துலே இன்னிக்கு ஒரே அமர்க்களமாமே?"

அன்புச்செல்வி செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்தாள். கிணற்று நீரை இறைத்துக் கைகால் கழுவினாள். கருவறைப் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டாள். பிறகு புடைவையைச் செருகிக்கொண்டு, சீலையைக் கல்லின்மேல் விரித்தாள். அடித்துத் துவைக்கவில்லை; குழந்தையைக் குளிப்பாட்டுவது போல உள்ளங்கையால் தேய்த்தாள். கறை கரைந்து, சீலையில் நெய்திருந்த நந்தியின் உருவம் மெல்லத் தெளிந்தது. மூன்று நீர் மாற்றி அலசினாள். ஒரு முனையைத் தூணில் சுற்றி, மறுமுனையைத் தன் வலிய கைகளால் முறுக்கினாள். கடைசிச் சொட்டு வரை பிழிந்தாள். மண்டபத்தின் உட்புறக் கொடியில் அதைச் சுருக்கமில்லாமல் விரித்து, கன்னத்தை ஒற்றி ஈரம் பார்த்து, அப்படியே சற்று நேரம் நின்றாள். அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் கருவறையில் இருப்பவனுக்கும் தெரியும்.

சொர்ணாம்பாள் திருநீற்று மடலுடன் வந்தாள். அன்புச்செல்வி குனிந்தாள். அவளது ஈர நெற்றியில் சொர்ணாம்பாள் நீற்றை இட்டு, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதிவிட்டு, தலைமேல் கை வைத்து வாழ்த்தினாள்:

"நன்னா இருப்பேடி அம்மா. ஒன் ஆத்துலே அரிசி கொறையாம இருக்கட்டும். கைக்கும் தோளுக்கும் பலம் கொறையாம இருக்கட்டும். ஒன் வாசல்லே வந்து நின்னு கேள்வி கேக்கறவா ஒரு நாளும் கொறையாம இருக்கட்டும்."